கோழிக்குத்தான் தலைப்புச் செய்தி

1805-ஆம் வருடம் பிறக்கும்போதே இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன் காலமாகியிருந்தார். லண்டனுக்குத் தெரியும், பாரீஸுக்குத் தெரியும். வியன்னாவில் தம் வீட்டில் உட்கார்ந்திருந்த ஹைடனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

லண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' அவர் போய்ச் சேர்ந்த செய்தியை ஜனவரி மாதமே போட்டுவிட்டது. பாரீஸ்காரர்கள் இதையெல்லாம் இன்னும் முறையாகச் செய்கிறவர்கள். இசையமைப்பாளர் செருபினி உட்கார்ந்து 'ஜோசப் ஹைடனின் மரணம் குறித்த பாடல்' என்று ஓர் இரங்கல் உருப்படியையே எழுதி முடித்தார். மொஸார்ட்டின் ரெக்வியம், அதாவது கிறிஸ்தவர்கள் இறந்தவருக்காகப் பாடும் பூசைப் பாட்டு, அதையும் வாசித்து அஞ்சலி செலுத்த ஏற்பாடாயிற்று. ஹைடனுக்கு அப்போது 72 வயது, உடம்பு தளர்ந்து வெளியே தலைகாட்டுவதையே நிறுத்தியிருந்தார். ஒரு மனிதர் கொஞ்ச நாள் கண்ணில் படவில்லை என்றால் நிருபருக்கு அது போதும்.

சங்கதி தாமதமாகத்தான் வியன்னாவுக்கு வந்தது. பெரியவர் கோபப்படவில்லை. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே பாரீஸுக்கு வந்து அந்த ரெக்வியத்தை நடத்திக் கொடுத்திருப்பேனே என்றாராம். செருபினியின் பாட்டு நல்ல சரக்கு, கெட்டுப்போகாது. 1810-ல், பயனாளி நிஜமாகவே காலமான பிறகு, அதை மேடையேற்றினார்கள்.

நிஜமாகக் காலமானது 1809 மே 31-ல். நெப்போலியனின் படை வியன்னாவைப் பிடித்து உட்கார்ந்திருந்த நேரம். இரண்டு வாரம் கழித்து நினைவஞ்சலியில் அதே மொஸார்ட் ரெக்வியத்தை வாசித்தார்கள், இந்த முறை அவர் வந்து நடத்தித் தர வழியில்லை. எல்லாம் ஒழுங்காக முடிந்தது போலத்தான் இருந்தது. ஆனால் புதைத்த சில நாளில் ரோசன்பாம், பீட்டர் என்ற இரண்டு ரசிகர்கள் வெட்டியானுக்குக் காசு கொடுத்து ஹைடனின் தலையை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். மண்டையோட்டின் மேடுபள்ளத்தில் மேதைமை எந்த இடத்தில் புடைத்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பது அந்தக் காலத்து 'விஞ்ஞானம்'.

சாகாதவர் செத்தார் என்று இரண்டு நாட்டுத் தலைநகரங்கள் துக்கம் கொண்டாடின. செத்தவரின் தலை காணாமல் போனது 11 வருடம் யாருக்கும் தெரியவில்லை. 1820-ல் ஹைடனின் எஜமானர் எஸ்டர்ஹாஸி இளவரசர் உடலை ஐசன்ஸ்டாட்டுக்கு மாற்றத் தோண்டியபோது பெட்டிக்குள் பொய்முடி மட்டும் பத்திரமாக இருந்தது. களவாணிகளை மிரட்டித் தலையைக் கேட்டதற்கு வேறு யாருடைய தலையையோ கொடுத்து ஏமாற்றினார்கள். அசல் தலை 1954-ல்தான் உடம்போடு சேர்ந்தது. பழைய தலையை என்ன செய்வது என்று தெரியாமல் அதையும் உள்ளேயே வைத்துவிட்டார்கள். இன்று ஹைடன் இரண்டு தலையோடு துயில்கிறார்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேப்பர்காரர் பொய்ச் செய்தியின் பின்னால் மூச்சிரைக்க ஓடும்போது, மெய்ச் செய்தி அதே தெருவில் திண்ணைமேல் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். அடுத்த 200 வருடமும் இதேதான் நடந்தது.

வயலின் மேதை பகனீனியை எடுத்துக்கொள்வோம். ஒல்லி உடம்பு, கறுப்பு உடை, பல் போன பொக்கை வாய், தறிகெட்டு வளையும் விரல்கள். ஐரோப்பாவில் எவரும் வாசிக்காதபடி வாசித்தார். இப்படி ஒருவர் சாதகம் பண்ணித் தேறியிருப்பார் என்று எழுதினால் பத்திரிகை விற்குமா? ஆகவே காதலியைக் கொன்றுவிட்டுப் பல வருடம் சிறையில் கிடந்தார் என்றார்கள். சிறையில் கொடுத்த வயலினில் ஒரே ஒரு தந்திதான் மிச்சம், அதனால்தான் ஒற்றைத் தந்தியில் அப்படி வெளுத்து வாங்குகிறார் என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். 1828-ல் வியன்னாவில் ஒரு ரசிகர், பகனீனியின் வில்லைச் சாத்தான் பக்கத்தில் நின்று பிடித்து இழுத்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். கொம்பு, வால், சிவப்புச் சட்டை எல்லாம் இருந்ததாம். மனிதர் வேறு வழியில்லாமல் தம் தாயார் எழுதிய கடிதத்தைப் பத்திரிகையில் போட வேண்டியதாயிற்று. எனக்கும் அம்மா உண்டு, அவர் மனுஷிதான் என்று நிரூபிக்க!

1831-ல் பாரீஸ் போனால் அங்கே படக்கடை ஜன்னலில் அவரே சிறைக்கம்பிக்குள் சங்கிலியோடு தொங்குகிறார். பொறுமை இழந்து 'ரெவ்யூ மியூசிக்கால்' பத்திரிகைக்கு நீண்ட மறுப்புக் கடிதம் அனுப்பினார். அதில் அவர் பிடித்த ஆயுதம் கணக்கு. 14 வயதிலிருந்து மேடையில் வாசித்து வருகிறேன், ஊரறியும். சிலர் எட்டு வருடச் சிறை என்கிறீர்கள், சிலர் 20 என்கிறீர்கள். சிறையில் கிடந்துதான் இந்த வித்தையைக் கற்றேன் என்றால், ஏழு வயதுக்கு முன்பே எனக்குக் காதலி வாய்த்து, அவளைக் கொன்றும் முடித்திருக்க வேண்டுமே? சிறைக்குப் போனது வேறொரு வயலின்காரர், அவர் தலைவிதியை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றும் எழுதினார்.

கணக்கு சரி. ஆனால் கொலைகாரன் கதைக்கு முன்னால் கழித்தல் கணக்கு எடுபடுமா? வதந்தி அவர் செத்த பிறகும் விடவில்லை. 1840-ல் நீஸ் நகரில் இறந்தபோது அங்கிருந்த ஆயர் சர்ச் மண்ணில் புதைக்க அனுமதி மறுத்தார். உடல் இடம் மாறி இடம் மாறி அலைந்து 1876-ல்தான் பார்மா நகரில் நிலைகொண்டது.

இதில் திண்ணையில் உட்கார்ந்திருந்த மெய்ச் செய்தி எது? பகனீனி சிறைக்குப் போனது உண்மை. 1815-ல் ஜெனோவாவில் ஒரு தையற்காரர், தம் மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டதாகப் புகார் கொடுக்க, மனிதரைச் சில நாள் உள்ளே வைத்தார்கள். 20 வருடச் சிறை கைவசம் இருக்கும்போது சில நாளை யார் சீந்துவார்கள்? அதைக் கிளற அவருக்கும் ஆசை இருந்திருக்காது.

அட்லான்டிக்கைத் தாண்டுவோம். 1891 ஏப்ரல் 26-ல் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்காவ்ஸ்கி நியூயார்க்கில் கப்பலிலிருந்து இறங்கினார். புதிதாகக் கட்டிய ஓர் இசை மண்டபத்தின் திறப்பு விழாவுக்கு வந்தவர். இன்று அதற்குப் பெயர் கார்னகி ஹால். வரவேற்க வந்தவர்களில் மண்டபத் தலைவர் மாரிஸ் ரீனோவும் அவர் மகளும் இருந்தார்கள். அந்தப் பெண்ணோடு சாய்காவ்ஸ்கி வண்டியில் ஏறுவதைப் பார்த்த நிருபர்கள், தமது இளம் மனைவியுடன் வந்திறங்கினார் என்று எழுதினார்கள். பெண்கள் பக்கம் நாட்டமே இல்லாதவர் அவர். ஊருக்காக 1877-ல் ஒரு கல்யாணம் செய்துகொண்டு சில வாரத்தில் தலைதெறிக்க ஓடி வந்தவர். அவருக்கு நியூயார்க் துறைமுகத்தில் ஐந்து நிமிடத்தில் இரண்டாம் கல்யாணம் நடத்தி வைத்துவிட்டார்கள்.

அத்தோடு விட்டார்களா? மே 5-ல் கச்சேரி. மறுநாள் 'ஹெரால்டு', நரைத்த தலை, 60-ஐ நெருங்கும் வயது என்று எழுதியது. கைதட்டலுக்கு அவர் வெடுக்கென்று வெட்டி வெட்டிக் கும்பிட்டதையும் விடவில்லை. அந்தப் பேப்பர் வந்ததற்கு மறுநாள்தான் அவருக்கு 51 பிறந்தது. இசையைப் பற்றி எழுதாமல் என் உடம்பைப் பற்றி எதற்கு எழுதுகிறார்கள் என்று நாட்குறிப்பில் புலம்பினார். பத்திரிகையாளரிடம் சண்டைக்குப் போகிற ரகமில்லை.

நிருபர்கள் அறியாத ஒன்று இருந்தது. கப்பலேறுவதற்குச் சில நாள் முன்பு பாரீஸில் ஒரு வாசகசாலையில் ரஷ்யச் செய்தித்தாளைப் புரட்டியபோது, அதன் பின்பக்கத்தில், தம் அருமைத் தங்கை சாஷா இறந்துபோன செய்தியைச் சாய்காவ்ஸ்கி படித்தார். அதைச் சொல்லத்தான் தம்பி மாடஸ்ட் நேரில் வந்திருந்தான், பயணத்தைக் கெடுக்க மனமில்லாமல் மறைத்துவிட்டான். துக்கத்தைச் சுமந்துகொண்டு மனிதர் கடல் கடந்து வந்தார். இல்லாத மனைவியைக் கண்டுபிடித்த கூட்டத்தில் ஒருவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

சாய்காவ்ஸ்கி நியூயார்க்கில் இறங்கிய அதே ஏப்ரல் மாதம் பிறந்த குழந்தை, பின்னாளில் இசையமைப்பாளரான செர்கேய் புரொகோஃபீவ். இந்தப் பிள்ளை அழுகிற ஜாதி அல்ல.

அவருடைய 'ஸ்கித்தியன் சூட்' காதைப் பிளக்கும் உருப்படி. எட்டு ஹாரன், ஐந்து ட்ரம்பெட் என்று ஒரு படையே வேண்டும். 1916 தொடக்கத்தில் பெட்ரோகிராடில் அவரே நடத்தியபோது மூத்த இசையமைப்பாளர் கிளாசுனோவ் முடிவதற்கு முன்பே எழுந்து வெளியே போனார். அதே வருடம் டிசம்பரில் மாஸ்கோவில் வாசிப்பதாக அறிவிப்பு வந்தது. லியோனிட் சபனேயெவ் என்ற விமர்சகருக்குப் புரொகோஃபீவைக் கண்டாலே ஆகாது. கச்சேரிக்குப் போய் உட்கார்ந்து, கேட்டு, பிறகு வீட்டுக்கு வந்து திட்டுவதெல்லாம் வீண் வேலை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நேரடியாகத் திட்டலுக்கே வந்தார். பேரிரைச்சல், காட்டுமிராண்டித்தனம், அதை இசையமைப்பாளரே காட்டுமிராண்டி உற்சாகத்தோடு நடத்தினார் என்று நடத்திய விதத்தையும் வர்ணித்து விமர்சனம் அச்சேறியது.

அன்றைக்கு அந்த உருப்படியை வாசிக்கவே இல்லை. கடைசி நேரத்தில் நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

25 வயதுப் புரொகோஃபீவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சாவகாசமாக ஒரு மறுப்பு எழுதினார். மாஸ்கோவில் அந்த இசை ஒலிக்கவில்லை. நான் அங்கே அதை நடத்தவும் இல்லை. சரி, சுரப்பிரதியைப் படித்துத் தெரிந்துகொண்டார் என்பீர்களா? இருப்பதே ஒரே கையெழுத்துப் பிரதி, அது என்னிடம் இருக்கிறது. மூன்று வரியில் ஆளை முடித்தார். சபனேயெவ் அந்தப் பத்திரிகை வேலையை விட வேண்டியதாயிற்று.

உருப்படியை எடுத்ததற்குக் காரணம் கேளுங்கள். வாத்தியக்காரர்களில் பலரை யுத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எட்டு ஹாரனுக்கு ஆள் இல்லை. ஊதுகிறவனையும் பிடித்துப் போர்முனைக்கு அனுப்புகிற நிலைக்கு ஒரு சாம்ராஜ்யம் வந்துவிட்டது என்பது அன்றைய மாஸ்கோவின் மெய்ச் செய்தி. மூன்றே மாதத்தில் ஜார் மன்னர் முடியிழந்தார். விமர்சகர் அன்று மண்டபத்துக்குப் போயிருந்தால், காலி நாற்காலிகளைப் பார்த்தாவது சரித்திரத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தவறைத் திருத்தப் போனவர் அதைவிடப் பெரிய தவறை நட்டுவிட்டு வந்த கதையும் உண்டு. அமெரிக்க நாளிதழ்களில் 'நம்பினால் நம்புங்கள்' என்று வினோதத் தகவல் போட்டுப் பேர் வாங்கியவர் ரிப்ளி. 1938-ல் தம் வானொலி நிகழ்ச்சியில் டபிள்யூ. சி. ஹாண்டி என்பவரை ஜாஸ், ப்ளூஸ் இரண்டையும் தோற்றுவித்தவர் என்று அறிமுகம் செய்தார். வாஷிங்டனில் இதைக் கேள்விப்பட்ட ஜெல்லி ரோல் மார்ட்டன் கொதித்தெழுந்தார். பியானோவில் அசகாய சூரர், அடக்கத்துக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. ஹாண்டியைப் பொய்யர் என்று சாடி அவர் எழுதிய கடிதத்தை 'டவுன் பீட்' பத்திரிகை இரண்டு இதழ்களில் பிரித்துப் போட வேண்டியிருந்தது. கடிதத்தின் சாரம்: ஜாஸைப் படைத்தது நான், வருடம் 1902.

ஞானஸ்நானப் பதிவேட்டின்படி மார்ட்டன் பிறந்தது 1890 அக்டோபரில். அதாவது ஜாஸைப் படைக்கும்போது அவருக்கு 11 அல்லது 12 வயது. பகனீனி கணக்குப் போட்டுத் தப்பிக்கப் பார்த்தார், இவர் கணக்குப் போடாமலே தப்பித்தார். பிறந்த வருடத்தையும் 1885 என்று முன்தள்ளிச் சொல்லி வந்தவரை யார் மடக்க முடியும்?

அந்தச் சமயம் மார்ட்டன் வாஷிங்டனில் ஒரு சின்ன மதுக்கூடத்தில் வாசித்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். அங்கே நடந்த ஒரு தகராறில் கத்திக்குத்தும் வாங்கினார். அதே 1938-ல் ஆலன் லோமாக்ஸ் என்ற இளைஞர் அவரை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அழைத்துப் போய்ப் பியானோ முன் உட்காரவைத்து, நியூ ஆர்லியன்ஸ் நினைவுகளையெல்லாம் பல மணி நேரம் பதிவு செய்தார். ஜாஸ் பிறந்த கதைக்கு அதைவிடப் பெரிய சாட்சியம் இன்றுவரை கிடையாது. பத்திரிகைகளோ யார் கண்டுபிடித்தது என்ற வாய்ச்சண்டையை ருசித்துக்கொண்டிருந்தன.

இனி வருவது இந்தச் சரித்திரத்தின் உச்சக்கட்டம். 1969 செப்டம்பர் 13, டொரான்டோ, வார்ஸிட்டி மைதானம். ஆலிஸ் கூப்பர் என்ற புதுப் பாடகர் மேடையில் இறகுத் தலையணைகளைக் கிழித்துப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு கோழி மேடைக்கு வந்து சேர்ந்தது. சிறகு இருக்கிறதே, பறந்து போய்விடும் என்று நினைத்துக் கூட்டத்தை நோக்கி வீசினாராம். நகரத்துப் பிள்ளை, கோழியைத் தட்டில்தான் பார்த்திருப்பார். கோழி விழுந்தது, கூட்டம் அதைப் பிய்த்தது. மறுநாள் பேப்பரில், கூப்பர் கோழித் தலையைக் கடித்துத் துப்பி ரத்தத்தைக் குடித்தார் என்று வந்தது.

அவரது தட்டுகளை வெளியிட்டுவந்த ஃபிராங்க் ஸாப்பா ஃபோனில் கூப்பிட்டு, நிஜமாகவே செய்தாயா என்று கேட்டார். இல்லை என்றார் கூப்பர். அப்படியானால் செய்யவில்லை என்று எவனிடமும் சொல்லித் தொலைக்காதே என்றார் ஸாப்பா. பகனீனி 1831-ல் கற்கத் தவறிய பாடத்தை ஸாப்பா ஒரே ஃபோனில் நடத்தி முடித்தார். கூப்பரின் பிழைப்பு அந்தக் கோழியிலிருந்து தொடங்கியது.

அன்றிரவு அதே மேடையில் ஜான் லென்னன் பாடினார், பீட்டில்ஸ் இல்லாமல், அவசரமாகத் திரட்டிய வேறு ஆட்களோடு. டொரான்டோவுக்கு வரும் விமானத்திலேயே, பீட்டில்ஸை விட்டு விலகப் போகிறேன் என்று கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டார். உலகின் மிகப் பெரிய இசைக்குழு உடைந்துகொண்டிருந்தது. தலைப்புச் செய்தி கோழிக்கு.

செப்டம்பர் 20-ல் லென்னன் மற்றவர்களிடமும் போட்டு உடைத்தார். பணம் சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் நிலுவையில் இருந்ததால் வெளியே மூச்சுவிடக் கூடாது என்று முடிவாயிற்று. அதற்கு மூன்று நாள் முன்புதான் ஐயோவாவில் டிரேக் பல்கலைக்கழகத்து மாணவர் பத்திரிகை, பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி செத்துவிட்டாரா என்று கேட்டு ஒரு கட்டுரை போட்டிருந்தது. அக்டோபரில் டெட்ராய்ட் வானொலி அதை ஊதிப் பெருக்கியது. 14-ஆம் தேதி 'மிச்சிகன் டெய்லி'யில் ஃபிரெட் லபோர் என்ற மாணவர், புது இசைத்தட்டு 'ஆபி ரோடு'க்கு விமர்சனம் எழுத வேண்டியவர், பாலின் மரணத்துக்கு ஆதாரப் பட்டியலே தயாரித்துவிட்டார். பால் விபத்தில் போய்விட்டார், அவர் இடத்தில் நடமாடுவது வில்லியம் கேம்ப்பெல் என்ற ஆள்மாறாட்டக்காரர். அந்தக் கேம்ப்பெல்லை லபோர் அப்போதுதான் பெற்றெடுத்திருந்தார்.

அந்த இசைத்தட்டின் அட்டைப் படத்தில் பால் வெறுங்காலோடு தெருவைக் கடக்கிறார், ஆகவே பிணம். பின்னால் நிற்கும் காரின் எண் 28IF, அதாவது உயிரோடு இருந்தால் 28 வயது. பாலுக்கு அப்போது 27-தானே என்று சிலர் கேட்டார்கள். கருவிலிருந்த காலத்தையும் சேர்ப்பதுதான் இந்திய ஞானிகளின் வயதுக் கணக்கு என்று பதில் வந்தது. சம்பந்தமில்லாமல் நம்மையும் இழுத்து விட்டார்கள்.

விஷயம் தொலைக்காட்சிக்குப் போனது. பிரபல வழக்கறிஞர் எஃப். லீ பெய்லியை வைத்துப் போலி விசாரணை. ஐயா, இதெல்லாம் நானே கட்டிய கதை என்று லபோர் முன்னாலேயே ஒத்துக்கொண்டார். ஒரு மணி நேர நிகழ்ச்சியை நிரப்பியாக வேண்டும் தம்பி, கூடவே வா என்று பெய்லி சொல்லிவிட்டார்.

பால் ஸ்காட்லாந்தில் தம் பண்ணையில் இருந்தார். 'லைஃப்' பத்திரிகைக்காரர்கள் வேலி தாண்டிப் போய் நின்றார்கள். இறந்தவர் வெளியே வந்து ஒரு வாளித் தண்ணீரை அவர்கள்மேல் வீசினார், புகைப்படக்காரர் அதையும் படம் எடுத்துவிட்டார். அந்தப் படச்சுருளை வாங்கிக்கொள்வதற்காக முறையான பேட்டியும் படமும் கொடுத்தார். நவம்பர் 7 இதழின் அட்டையில் பால் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார் என்று போட்டார்கள். உள்ளே, பேட்டியின் நடுவில், பீட்டில்ஸ் சமாச்சாரமெல்லாம் முடிந்துவிட்டது என்று பால் தம் வாயாலேயே சொல்லியிருந்தார். லட்சக்கணக்கானோர் வாங்கிய இதழ். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்கள். 1970 ஏப்ரல் 10-ல் 'டெய்லி மிரர்' பால் விலகுகிறார் என்று கொட்டை எழுத்தில் அலறியபோது உலகமே அதிர்ந்தது. அதிலும் ஒரு சின்னப் பிசகு. முதலில் விலகியவர் லென்னன்.

அதன் பிறகு நிருபர்களுக்கு வேலை குறைந்தது. தவறுகளைத் தாங்களே உற்பத்தி செய்கிற சிரமம் இல்லாமல் கணினியிலிருந்து தயாராக எடுத்துக்கொள்ளலாம். 2007 அக்டோபரில் ரோனி ஹேசல்ஹர்ஸ்ட் இறந்தார். 'யெஸ் மினிஸ்டர்' மாதிரி பிபிசி நகைச்சுவைத் தொடர்களுக்கு முகப்பு இசை அமைத்தவர். எஸ் கிளப் 7 என்ற இளசுகள் குழுவின் 'ரீச்' பாட்டும் அவர் எழுதியதுதான் என்று யாரோ விக்கிப்பீடியாவில் குறும்பாகச் சேர்த்திருந்தார்கள். 'கார்டியன்', 'டைம்ஸ்', 'இண்டிபெண்டன்ட்', பிபிசி, ராய்ட்டர்ஸ் என்று வரிசையாக எல்லோரும் அதை இரங்கல் குறிப்பில் ஏற்றினார்கள். 79 வயதில் போனவருக்குக் கடைசி மரியாதையாக ஒரு துள்ளல் பாட்டு கிடைத்தது.

2009 மார்ச் இறுதியில் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 'டாக்டர் ஷிவாகோ', 'எ பாசேஜ் டு இந்தியா' மூன்றுக்கும் ஆஸ்கர் வாங்கிய மாரிஸ் ஜார் மறைந்தார். டப்ளினில் ஒரு கல்லூரி மாணவர், பத்திரிகைகள் சரிபார்க்கின்றனவா என்று சோதிக்க, தம் வாழ்க்கையையே இசையோடு ஒப்பிட்டு ஜார் உருக்கமாகச் சொன்னதுபோல ஒரு வாசகத்தைத் தாமே எழுதி விக்கிப்பீடியாவில் போட்டார். சம்பளமில்லாமல் அங்கே காவல் காக்கிறவர்கள், ஆதாரம் எங்கே என்று கேட்டு அதைத் தூக்கி எறிந்தார்கள். மறுபடி போட்டார், மறுபடி எறிந்தார்கள். அதற்குள் பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா என்று மூன்று நாட்டுப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டுக் கண்ணீர் வடித்துவிட்டன.

ஒரு மாதத்துக்கு மேல் ஒருவரும் சந்தேகப்படவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல், பொய் சொன்ன மாணவரே பத்திரிகை ஆபீஸ்களுக்குக் கடிதம் எழுதி, அது நான் விட்ட சரடு ஐயா, எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 'கார்டியன்' திருத்தம் வெளியிட்டது. சில பத்திரிகைகள், இவர் சொல்வதற்கு மட்டும் என்ன ஆதாரம் என்று நினைத்தனவோ என்னவோ, பதிலே போடவில்லை.